உப்புத் தண்ணீரில் உடையாத ரத்தம்

எனக்கு என் தாய்மாமனையே கட்டி வைத்தார்கள். அறுபதுகளின் நடுவில், பொதட்டூர்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களில் இது பேச்சுக்கே வராத விஷயம். அக்கா மகள் என்றால் மாமனுக்குத்தான். வெளியே கொடுத்தால்தான் "ஏன், உள்ளே யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு ஒன்பது வயதில் நைனா, அதாவது அப்பா, பாம்பு கடித்து இறந்துபோனார். அப்போது தங்கை கைக்குழந்தை. இருந்த கொஞ்சம் நஞ்சையை அம்மாவே நின்று பார்த்தாள். அவளுக்குத் துணை என்று இருந்தது தம்பி ஒருவர்தான். தாயில்லாத அந்தத் தம்பியைத் தன் பன்னிரண்டு வயதிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவர் திருவள்ளூரில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிறு முழுக்க வயலில் நிற்பார், திங்கள் விடியலில் போவார். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தக்கூடாது என்று அம்மாவிடம் சண்டை போட்டவர் அவர்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் சென்னைக்கு அழைத்துப்போய், ரத்தம், சிறுநீர் சோதிக்கும் லேப் படிப்பில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். என்னைவிடப் பதினோரு வயது பெரியவர். எனக்கு அவர் மேல் மரியாதை இருந்தது, பயம் இல்லை. கல்யாணப் பேச்சை எடுத்தபோது அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"எனுக்கு ரெண்டு கண்ணு. ரெண்டும் ஒரே ஊட்ல இருந்தா நான் நிம்மதியா கண்ண மூடுவேன்."

கல்யாணமாகி திருவள்ளூருக்கு வந்தேன். ஊரிலிருந்த ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை கிடைத்தது. ஒரே அறை. ஜன்னலோரம் மைக்ராஸ்கோப், மேஜை மேல் ஸ்பிரிட் விளக்கு, குழாய்களைச் சுழற்றி அடியில் படியவைக்க, கையால் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜ் ஒன்று. காலையில் சிறுநீரைக் காய்ச்சி சர்க்கரை பார்ப்பேன், அப்புறம் சளி, அப்புறம் ரத்தம். எந்நேரமும் கைவிரலில் நீலச்சாயம் இருக்கும். அம்மா வரும்போதெல்லாம் அந்த விரலைப் பார்த்து முகம் சுளிப்பாள்.

இரண்டாம் வருஷம் பையன் பிறந்தான். பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு பால் குடிக்கும்போதே களைத்துப்போவான். உதட்டில் நிறமில்லை. பல் முளைப்பதால் என்றார்கள், பூச்சி என்றார்கள், கணை என்றார்கள். ஒரு வயதில் வயிற்றின் இடப்பக்கம் கையை வைத்தால் மண்ணீரல் கல் மாதிரித் தட்டுப்பட்டது. மலேரியாவோ என்று நானே அவன் ரத்தத்தை ஸ்லைடில் தடவி எத்தனையோ தடவை தேடினேன். ஒன்றும் இல்லை. அவன் கட்டைவிரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து, ஹீமோகுளோபின் பார்க்கும் சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒவ்வொரு மாதமும் அளவு இறங்கியிருக்கும். என்னைப் பார்த்தாலே விரல்களை மடக்கிக்கொள்ளப் பழகிவிட்டான்.

இரும்புச்சத்து டானிக் கொடுத்தோம். பற்களெல்லாம் கறுத்துப்போனதுதான் மிச்சம். அம்மா ஒவ்வொரு அமாவாசைக்கும் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டுப் போவாள்.

கடைசியில் சென்னைக்குக் கொண்டுபோனோம். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். மாமாவின் ரத்தம் பொருந்தியது. அவரே கொடுத்தார். அந்த ரத்தம் ஏறிய மறுநாள் பையனின் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்து நான் அழுதேன். மூன்று வாரம் அவன் ஒரு சாதாரணக் குழந்தையாக இருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மாமாவின் டிபன் கேரியரைத் தரையில் இழுத்து ஓசை எழுப்பி விளையாடினான். பிறகு மறுபடி வெளுத்தான். "திரும்ப வாங்க, பெரிய சோதனைகள் செய்யணும்" என்று சென்னையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. இரண்டே நாளில் போய்விட்டான். இரண்டரை வயது நிரம்பவில்லை.

நோய்க்குப் பெயர் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. பெயர் இல்லாததால் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கண்டவன் ரத்தத்தைத் தொட்டுவிட்டு வந்து பால் கொடுத்ததால்தான் என்று ஒரு சித்தி சொன்னாள். நான் அதை நம்பவில்லை. ஆனாலும் சில நாள் வேலை முடிந்து கையைக் கழுவும்போது, போதுமா என்று தெரியாமல் கழுவிக்கொண்டே நிற்பேன்.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக்கு ஒரு புது டாக்டரம்மா வந்தார். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட இரண்டொரு வயது சின்னவர், படித்து முடித்து நேராக வந்திருந்தார். ஒருநாள் மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை மஞ்சள் காமாலை வருகிறது, கீழாநெல்லி கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது என்றார்கள். டாக்டரம்மா அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். நேராக என் அறைக்கு வந்தார்.

"ரத்த அணு உடையுதான்னு ஒரு டெஸ்ட் இருக்கு. செஞ்சிருக்கீங்களா?"

படிக்கும்போது ஒரு தடவை பார்த்திருந்தேன், செய்ததில்லை.

விஷயம் இதுதான். ரத்தத்தின் சிவப்பணு ஒரு சின்னப் பை மாதிரி. நம் உடம்பில் இருக்கும் அளவுக்கு உப்புள்ள தண்ணீரில் போட்டால் அது பாட்டுக்கு இருக்கும். உப்பைக் குறைத்துக்கொண்டே போனால் தண்ணீர் உள்ளே புகுந்து பை ஊதும், ஒரு கட்டத்தில் வெடித்துவிடும். வெடித்தால் உள்ளிருக்கும் சிவப்பு தண்ணீரில் கலந்துவிடும். வெடிக்காவிட்டால் அணுக்கள் அடியில் பொட்டு மாதிரிப் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். எந்தக் குழாயில் வெடிக்கிறது என்று பார்த்தால் அந்த அணு எவ்வளவு தாங்கும் என்று தெரியும்.

உப்பை அடுப்பு மேல் வறுத்து ஈரம் போக்கினேன். மருந்துக்கடைக்காரரின் தராசை வாங்கிவந்து நிறுத்தேன். பன்னிரண்டு குழாய்களில் கெட்டியிலிருந்து நீர்த்தது வரை உப்புத் தண்ணீர். பக்கத்திலேயே நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தத்துக்கு இன்னொரு பன்னிரண்டு குழாய், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

"யாரோடத எடுக்கலாம்?" என்றார் டாக்டரம்மா.

"என்னுதயே எடுத்துக்கலாம்" என்று கையை நீட்டினேன்.

உறையாமல் இருக்க இரண்டு ரத்தத்தையும் கண்ணாடி மணிகளோடு போட்டுக் குலுக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, அரைமணி வைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்து வரிசையாக அடுக்கினேன். அந்தப் பெண்ணின் ரத்தம் டாக்டரம்மா நினைத்த மாதிரியே நாலாவது குழாயிலேயே வெடிக்கத் தொடங்கியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. மண்ணீரலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். பின்னால் சென்னையில் எடுத்தார்கள். அவள் தேறிவிட்டாள்.

என் வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் அவர் நின்றார். கடைசிக் குழாய்களில் எவருடைய ரத்தமும் முழுதாக வெடித்துக் கண்ணாடி மாதிரிச் சிவந்திருக்க வேண்டும். என்னுடையதில் பத்தாவது குழாயிலும், பதினொன்றாவதிலும் அடியில் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது.

"உப்பு நிறுத்ததுல தப்பு இருக்குமோ?"

"அந்தப் பொண்ணுதும் இதே தண்ணிதானே டாக்டர்."

மறுநாள் புதிதாக உப்பு நிறுத்து, ஆஸ்பத்திரி ஆயாம்மாவின் ரத்தத்தையும் என்னுடையதையும் வைத்தோம். ஆயாம்மாவினுடையது வெடிக்க வேண்டிய இடத்தில் வெடித்தது. என்னுடையது மறுபடியும் உடையவில்லை.

"உடையலன்னா நல்லதுதானே டாக்டர்? கெட்டியா இருக்குதுன்னுதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. என் ரத்தத்தை ஸ்லைடில் தடவச் சொல்லி, ரொம்ப நேரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். "கெட்டி இல்ல. உள்ள சரக்கு கம்மி. பாதி அரிசி போட்ட பை மாதிரி தொளதொளன்னு இருக்கு. அதான் எவ்வளவு தண்ணி போனாலும் தாங்குது" என்றார். தலையைத் தூக்காமலே கேட்டார்: "உங்களுக்குக் குழந்தைங்க இருக்கா?"

"இருந்தான்" என்றேன்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். நான் சொல்லச் சொல்ல, வயிறு, மண்ணீரல், வெளுப்பு என்று அவரே முந்திக்கொண்டு கேட்டார். கடைசியாக, "வீட்டுக்காரர் சொந்தமா?" என்றார்.

"தாய்மாமன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைவிடச் சின்னவர், அவர் கண் கலங்கியிருந்தது. பிறவியிலேயே ரத்தத்தில் வரும் அந்தக் குறைக்குத் தலசீமியா என்று பெயர்; அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவை அழைத்துப்போனேன். எதற்கென்று முழுசாகச் சொல்லவில்லை. அவர் ரத்தத்தை எடுக்கும்போது ஊசி இரண்டு தடவை நழுவியது. "இன்னா பாப்பா, புதுசா குத்துற மாதிரி குத்துற?" என்றார். என்னைச் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவார். பையன் பிறந்த பிறகு அது நின்றுபோயிருந்தது.

அவருடைய வரிசையும் என்னுடையது மாதிரியே இருந்தது. இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. டாக்டரம்மா இரண்டு பேரின் ரத்தத்தையும் சென்னைக்கு அனுப்பி உறுதி செய்தார். பிறகு எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். இது ஒட்டுவதில்லை. யாரும் செய்ததில்லை. எங்கள் இருவருக்கும் பாதிதான் இருக்கிறது, அதனால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு பாதியும் ஒரு குழந்தையிடம் சேர்ந்துவிட்டால் அந்தக் குழந்தைக்குத்தான் கஷ்டம். இனி ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அப்படி ஆக வாய்ப்பிருக்கிறது.

ரயில்வே கேட்டைத் தாண்டி வந்தோம். மாமா கேட்டார்.

"நான் குடுத்த ரத்தமும் இதே ரத்தந்தானே? அத்த ஏத்தித்தானே புள்ள நடந்தான்?"

"ஆமா."

"அப்ப நல்லதும் செஞ்சிருக்குது" என்றார். அடுத்த மாதம் அவரே போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார். பட்டறையில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று இருவரும் முடிவு செய்தோம். எனக்கும் மாமாவுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் இது வந்திருக்க முடியும். இருவருக்கும் நடுவில் நின்றவள் அம்மா. சொன்னால் அவளுக்கு அது புரிந்துவிடும்.

அதனால் அம்மா அமாவாசைக்கு வருவதும் வெல்லம் கரைப்பதும் தொடர்ந்தது. "இன்னும் ஒண்ணும் தங்கலயாடி?" என்று கேட்பாள். இல்லை என்பேன். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

ஒருநாள் அம்மா தங்கையையும் கூட அழைத்துக்கொண்டு வந்தாள். தங்கைக்கு அப்போது இருபது வயது. அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அவரைக்காயை ஆய்ந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"சின்னவளையும் தம்பிக்கே குடுத்துட்லாம்னு பாக்கறேன். நீயும் இருந்துக்கினு, அவளும் இருந்துக்கினு, ஒண்ணுக்கொண்ணு தொணையா இருப்பீங்க. அவன் வம்சம் நிக்கணும்டி. நான் வளத்த புள்ள."

சட்டம் கூடாது என்றது. ஊரில் அதை யார் பார்த்தார்கள்? கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்துவிட்டார்.

"அக்கா, அந்தப் பேச்ச உடு."

"ஏன் உடணும்? இன்னா கொற அவளுக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று அவர் கண் கெஞ்சியது எனக்குத் தெரிந்தது. ஆனால் தங்கைக்கும் இருக்கலாம். அதை நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். பையனுக்கு என்ன நோய், அது எங்கிருந்து வருகிறது, எங்கள் இருவர் ரத்தத்திலும் என்ன இருக்கிறது, மாமா ஏன் ஆபரேஷன் செய்துகொண்டார் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா அவரைக்காயைக் கீழே வைக்கவில்லை. நாரை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அவனுக்கும் கீது. உனுக்கும் கீது. அப்ப எங்கிட்டருந்துதான் வந்துதா?"

"தெரியலம்மா. பாத்தாத்தான் தெரியும்" என்றேன். அது பொய்.

"அப்ப பாரு."

அன்று மாமா என்னைத் தனியே அழைத்து, "ஒண்ணுமில்லன்னு சொல்லிடு. அக்காவுக்கு இன்னா தெரியப்போவுது?" என்றார். எனக்கும் அப்படிச் செய்யத்தான் எண்ணம் இருந்தது.

மறுநாள் காலை அம்மா என் லேப் அறைக்கு முதன்முதலாக வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்பதற்கு முன்னாலேயே புடவையைத் தோள்வரை ஒதுக்கிக் கையை நீட்டினாள். வயலில் கறுத்துக் காய்த்த கை. உள்பக்கம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அந்த வெளுப்பை எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன். தங்கையுடையதையும் எடுத்தேன். ஒப்பிட எப்போதும்போல ஆயாம்மாவினுடையது. குழாய்களைச் சுற்றி எடுத்து அடுக்கும்வரை அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இதுல எது நல்ல ரத்தம்?"

ஆயாம்மாவின் வரிசையைக் காட்டினேன்.

"சின்னவளுது?"

காட்டினேன். ஆயாம்மாவினுடையது போலவே கடைசிக் குழாய்கள் முழுக்கச் சிவந்திருந்தன.

"அப்ப இதுதான் என்னுது" என்று தானே விரலை நீட்டினாள். எழுத்துப் படிக்கத் தெரியாதவள். ஆனால் அடியில் தங்கி நின்ற அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்து அவளே படித்துவிட்டாள். நான் தயார் செய்து வைத்திருந்த பொய்யைச் சொல்ல அங்கே இடமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் அழவில்லை. சாப்பிடவும் இல்லை. மாலையில் மாமா வேலையிலிருந்து வந்தபோது அவரெதிரே போய் நின்றாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நான்தான் கட்டி வெச்சேன். நீங்க கேக்கல. நான்தான் வெச்சேன்."

"இன்னாக்கா நீ. எனுக்கும் ஆசைதான் இருந்துச்சு" என்றார் மாமா. அந்த வார்த்தையை அவர் என்னிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அம்மா குளத்துக்கு வரவில்லை. சொந்தத்தில் மூன்று இடங்களிலிருந்து தங்கையைக் கேட்டு வந்தார்கள். ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் இல்லை, யாருக்குக் கொடுத்தாலும் பயமில்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மீஞ்சூரில் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தில், ரயில்வேயில் வேலை பார்க்கும் பையனுக்குக் கொடுத்தாள். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. ஊரில் அக்கா மகளைக் கட்டும் பேச்சு எங்கே எழுந்தாலும் அம்மா அழைக்காமலே போய், "ரத்தத்தப் பாத்துட்டுக் கட்டுங்க, எம்பொண்ணு பாத்துக் குடுப்பா" என்பாள். ஒருவர்கூட வரவில்லை. பேரன் செத்ததிலிருந்து கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். அவளுக்கு அப்போது ஐம்பதுதான் இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கின. மாமாவுக்கு அங்கே ஒரு கம்பெனியில் லேத் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு நானும் போனேன். தொழிலாளர்களுக்காக நடந்த ஒரு சின்ன கிளினிக்கில் ரத்தம் பார்த்தேன். பெரும்பாலும் ரத்த அணு எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறது என்று பார்க்கும் சோதனைதான். நீளக் குழாயில் ரத்தத்தை நிறுத்திவைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தால், உள்ளே எங்கோ காசமோ வீக்கமோ இருக்கிறதா என்று அது சொல்லிவிடும். பன்னிரண்டு குழாய்ச் சோதனையை அதன் பிறகு என் கையால் ஏழெட்டுத் தடவைதான் செய்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒப்பிட வேறு யாருடைய ரத்தத்தையாவது கேட்டு வாங்கினேன்.

வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மா கடைசி இரண்டு வருஷம் எங்களோடு வந்து இருந்தாள். தங்கை மீஞ்சூரிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வருவாள். நல்ல கொழுகொழு குழந்தை. அம்மா தூரத்திலிருந்தே பார்ப்பாள், தூக்க மாட்டாள். "அது நல்லா கீது, எங்கையில எதுக்கு?" என்பாள். தொடுவதால் ஒன்றும் வராது என்று அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் தங்கை கேட்காமலே குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள். அம்மா இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, தாலிச்சரடு இல்லாத தன் கழுத்தைக் குழந்தை பிராண்டுவதைப் பார்த்தபடி இருந்தாள். தங்கை திரும்பி வந்தபோது ஒரு கை குழந்தையின் முதுகில் இருந்தது.

மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டியிருந்தது. மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. ஒரு மத்தியானம், மாமா வேலைக்குப் போயிருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கியவள் போதும் என்று கையைக் காட்டினாள்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு."

"சொல்லும்மா."

"அந்தப் புள்ளைக்கு வலிச்சிருக்குமாடி?"

எத்தனையோ ரத்தம் பார்த்திருக்கிறேன். வலி எதிலும் தெரிந்ததில்லை. பையனுக்குப் பேச்சு நன்றாக வருவதற்குள் போய்விட்டான்.

"வலி இல்லம்மா. சும்மா அசதியா இருந்திருக்கும். தூக்கம் வர்ற மாதிரி" என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா, எனக்காக நம்பியதுபோல இருந்தாளா, தெரியாது. "சரி" என்று சொல்லிவிட்டு, கஞ்சிக்கு வாயைத் திறந்தாள்.